கல்லாவில் கை வைத்தவனை அடிக்கலாமா?

கேள்வி: அடகுக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கத்தியோடு வந்து மிரட்டுபவனைத் திருப்பி அடித்து, அவன் செத்துப்போனால் என்மேல் கொலைக் கேஸ் வருமா?

கேஸ் வரும். ஓர் உயிர் போயிருக்கும்போது போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரும். தண்டனை வருமா என்பதுதான் வேறு கேள்வி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். பொருளைக் காக்கும்போது எதிராளியின் உயிர் போனாலும் குற்றமாகாத சந்தர்ப்பங்களைப் பிரிவு 41 அடுக்குகிறது. அதில் கொள்ளைதான் முதலில் வருகிறது. நகை முதலாளியுடையதாயிற்றே என்றும் யோசிக்க வேண்டாம். பிறர் உடலையும் பிறர் பொருளையும் காக்கப் பிரிவு 35 இடம் தருகிறது.

ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. எவ்வளவு தேவை என்று அந்த நொடியில் யாருக்குத் தெரியும்? நீதிமன்றங்களுக்கும் அது புரியும். தர்ஷன் சிங் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், தாக்கப்படுபவர் தன் பதிலடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்ற கருத்தை ஏற்றது. உங்கள் கடைத் தராசுதான்! அவன் கத்தியை விட்டுக் கீழே விழுந்த பிறகு விழும் அடி மட்டும் தற்காப்புக் கணக்கில் சேராது. பெரும்பாலும் வழக்கு சிக்குவது அங்கேதான்.

தற்காப்பு என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது. சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக் கூடியது என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். அதற்குக் கேமரா பதிவு பெரிய துணை. பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்தால், திருட வருபவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

கேள்வி: எங்கள் கடையில் 15,000 ரூபாய் செல்போனை ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடினான். துரத்திப் பிடித்து, தூணில் கட்டி நாலு போட்டோம். தப்பா?

துரத்திப் பிடித்தது சரி. கட்டிவைத்து அடித்தது குற்றம். கண்ணெதிரே இப்படித் திருடியவனைப் பொதுமக்களே பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 40. மிரட்டலோ அடியோ இல்லாமல் எடுத்துக்கொண்டு ஓடினால் அது வெறும் திருட்டு. உயிரைப் பறிக்கும் உரிமை அங்கே இல்லை. ஓடும்போது கத்தியைக் காட்டி மிரட்டினால் அதே திருட்டு கொள்ளையாகிவிடும், கணக்கும் மாறிவிடும்.

கேள்வி: முதலாளியின் லைசென்ஸ் துப்பாக்கி மேஜை டிராயரில் இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் ஆபத்து வந்தால் எடுக்கலாமா?

துப்பாக்கி லைசென்ஸ் ஆளுக்குத்தான், கடைக்கு அல்ல. உயிர் போகும் நிலையில் நீங்கள் சுட்டால் கொலை வழக்கில் தற்காப்பு கைகொடுக்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வழக்கு தனியாக வரும். அதைவிட, ஊழியர் கைக்கு எட்டும்படி விட்டுப்போன முதலாளியும் மாட்டுவார். இதை அவரிடம் சொல்லுங்கள், டிராயர் காலியாகிவிடும்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் இரவு ஷிப்ட்டில் தனியாக இருக்கும் பெண் நான். மிளகு ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. சாதாரணத் தகராறுக்கெல்லாம் எடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு தகராறில் அதை அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்யக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் மறுத்தது. ஸ்ப்ரேயை ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது.

கேள்வி: அண்ணன் மகன் டெக்சாஸில் படிக்கிறான். பெட்ரோல் பங்க் கடையில் பகுதிநேர வேலை. "இங்கே திருடனைச் சுடலாம் சித்தப்பா" என்கிறான். நிஜமா?

பாதி நிஜம். டெக்சாஸ் சட்டம் பொருளைக் காக்கவும் சில நிபந்தனைகளோடு உயிர்போகும் அளவு பலத்துக்கு இடம் தருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் அவன் இருப்பது எஃப்-1 மாணவர் விசாவில் என்றால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முறையான அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை பார்த்தால் விசாவுக்கே வேட்டு. திருடன் ஓடிவிடுவான்; போலீஸ் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவன் இவன். கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டு, வந்தவன் எந்தப் பக்கம் போனான், என்ன வண்டி என்று மட்டும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.