கறுத்துப் போன பித்தளை ஸ்பூன் லூர்களை (மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் கரண்டி வடிவத் தகடுகளை) வினிகரில் இரவு முழுக்க ஊறவைக்கலாமா?

வேண்டாம். முள்ளைக் கழற்றாமல் போடவே போடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், யாரோ பல வருடம் வைத்திருந்த பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். திறந்ததும் மனசு கேட்காமல், இன்றைக்கே எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

என்னுடையது அப்பாவின் பெட்டி. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை ஸ்பூன். வெளிப்பக்கம் முழுக்கச் சுத்தியால் தட்டிய குழிகள். குழிக்குள் பச்சைக் களிம்பு, மேடெல்லாம் கறுப்பு. உள்பக்கம் வால் ஓரத்தில் மூன்று கீறல்கள், மீனின் பல் பட்டவை. அப்பா கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டேதான் அந்த மீனைப் பற்றிப் பேசுவார்.

வினிகரில் உப்பைக் கரைத்து, வளையமும் மூன்று கிளை முள்ளும் மாட்டியபடியே அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வினிகர் நீலப்பச்சையாக இருந்தது. ஸ்பூனில் பித்தளையின் மஞ்சளைக் காணோம். ரோஸ் நிறத்தில், மெருகே இல்லாமல், சுட்ட மண் மாதிரி கிடந்தது. முள்ளின் மேலும் செம்பு நிறம் ஏறியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தத்தைச் சொல்லி முடியாது.

நடந்தது இதுதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. மேலே படிந்த கறுப்பைக் கரைக்க அந்த வினிகருக்குச் சில நிமிடங்களே போதும். அதற்கு மேலும் விட்டால் உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். துத்தநாகம் சீக்கிரம் கரைந்துபோக, மேற்பரப்பில் செம்பு மிஞ்சும். கூடவே இரும்பு முள் இருந்தால், கரைந்த செம்பு அதன்மேல் படியும். பதிலுக்கு முள்ளின் இரும்பு கரையும். இது தெரியாமல் அதே முள்ளோடு தண்ணீரில் வீசினேன். முதல் மீனிலேயே ஒரு கிளை முறிந்தது.

பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்து, பிராசோ என்ற உலோகப் பாலிஷ் போட்டுத் துணியால் துலக்கினேன். மஞ்சள் திரும்ப வந்தது. உள்பக்கத்தைத் தொடவில்லை. தேய்த்தால் கீறல்களும் போய்விடும். அங்கே இன்னும் ரோஸ்தான்.

இப்போது முதலில் வளையத்தோடு முள்ளைக் கழற்றிவிடுகிறேன். பித்தளை, செம்பு என்றால் உப்புப் போட்ட வினிகரில் ஐந்து நிமிடம், பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், உடனே துடைத்துக் காயவைப்பது. களிம்பு போகாவிட்டால் இன்னொரு ஐந்து நிமிடம், அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. ஓரம் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிகிற வெள்ளை ஸ்பூன் என்றால் அது முலாம். நிக்கல் முலாமுக்கு சோப்புத் தண்ணீர் மட்டும். வெள்ளி முலாம் என்றால் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, லூர் அதைத் தொட்டபடி இருக்குமாறு வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். கறுப்பிலுள்ள கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி அதன் இடத்திலேயே நிற்கும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த மெல்லிய முலாமும் சேர்ந்து போகும்.

காரீயத்தில் செய்த லூர் இருந்தால் வினிகர் கூடவே கூடாது. ஈயம் அதில் கரைந்து நஞ்சாகும். அதை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூசியும் நஞ்சு. தொட்டால் கையைக் கழுவுங்கள்.

துலக்கியதை அப்படியே விட்டால் மறுபடி கறுக்கும். நிறமில்லாத நகப்பூச்சு மெல்லிசாக ஒரு பூச்சு போதும்.

"மீனுக்கு மங்கலான ஸ்பூன்தான் பிடிக்கும், எதற்குத் துலக்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். தெளிந்த தண்ணீரில், நல்ல வெயிலில் மங்கலான ஸ்பூனுக்கு மீன் வருவதை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. நான் துலக்கச் சொல்வது களிம்பைத்தான். பச்சையை அப்படியே விட்டால் அது உலோகத்தில் குழி விழவைக்கலாம். "புதுசு வாங்கிக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்கு அந்த மூன்று கீறல் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, இதை எங்காவது சொல்லியே ஆக வேண்டும். கடலுக்குப் போகிறேன் என்று ஒரு நண்பர் என் பெட்டியை இரவல் வாங்கினார். அலசாமல், உப்பு ஈரத்தோடு மூடி, மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு லூர்களில் பச்சை, முள் எல்லாம் துரு. நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் அலசித் துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "மீன்பிடிச் சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்றார். போன மாதம் மறுபடி கேட்டார். கொடுக்கவில்லை.