நாய்த் தீனிப் பையைத் திருப்பிப் படியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

நான் வாங்கும் டாக் ஃபுட்டின் பட்டியலில் முதல் பெயரே ‘ஃப்ரெஷ் சிக்கன்’. அப்படியானால் அதில் கறிதான் அதிகம் என்று நம்பலாமா?
– வாசகர், கோவை

நம்ப முடியாது. பட்டியல் எடை வரிசைப்படிதான் போடப்படுகிறது. ஆனால் அது கலவை இயந்திரத்துக்குள் போகும் முன் இருந்த எடை. பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய 70% தண்ணீர். ஒரு கலவையில் 25 கிலோ பச்சைக் கோழி, 20 கிலோ மக்காச்சோளம், 18 கிலோ குருணை, 12 கிலோ தவிடு, மற்றவை கொஞ்சம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் கோழிதான் முதலில் வரும். வெந்து உலர்ந்த பிறகு கோழியில் மிஞ்சுவது ஏழரை கிலோ. 50 கிலோ தானியத்தில் ஈரம் கொஞ்சமே என்பதால் சுமார் 44 கிலோ நிற்கும். தானியத்தை மக்காச்சோளம், குருணை, தவிடு என்று மூன்றாகப் பிரித்து எழுதியதால்தான் கோழிக்கு முதலிடம் கிடைத்தது. ஆகவே முதல் பெயரோடு நின்றுவிடாமல் முதல் ஐந்து பெயர்களையும் படித்து, ஒரே தானியத்தின் பல வடிவங்களை மனக்கணக்கில் ஒன்றாகக் கூட்டுங்கள்.

‘சிக்கன் மீல்’ என்று பார்த்ததும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது கோழியை வேகவைத்து, கொழுப்பையும் நீரையும் எடுத்துவிட்டு அரைத்த தூள். சுமார் 65% புரதம் கொண்டது. இரண்டாம் இடத்தில் இருக்கும் சிக்கன் மீல், முதலிடத்துப் பச்சைக் கோழியை விட அதிகப் புரதம் தரக்கூடும். ஈரல், நுரையீரல், மண்ணீரல் போன்ற உறுப்புகளைச் சேர்ப்பதும் தப்பில்லை. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் தேடி வாங்கும் நாம் அதை இளக்காரமாகப் பார்க்க நியாயமே இல்லை. சந்தேகப்பட வேண்டியது, எந்த விலங்கு என்றே சொல்லாத ‘இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருட்கள்’, ‘தானியங்கள் மற்றும் தானிய உபபொருட்கள்’ போன்ற பொத்தாம்பொதுவான பெயர்களைத்தான். கிடைக்கும் விலைக்கேற்ப மாதத்துக்கு ஒரு சரக்கு போட்டாலும் பையில் அச்சிட்டதை மாற்ற வேண்டியிருக்காது. இறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இன்னொன்று: பட்டியலில் உப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உலர் தீனியில் உப்பு பெரும்பாலும் 1% அளவுக்குள்தான். அதற்குப் பிறகு வரும் மஞ்சள், கீரை, புளூபெர்ரி எல்லாம் சிட்டிகைக் கணக்கு. பையின் முன்பக்கத்தில் கூடை நிறையப் படம் போட அது போதும்.

ஒன்றில் புரதம் 24%, கிலோ 260 ரூபாய். மற்றொன்றில் 28%, கிலோ 330 ரூபாய். 25 கிலோ எடையுள்ள, குடும்பக் கட்டுப்பாடு செய்த லேப் வைத்திருக்கிறோம். எதை வாங்குவது லாபம்?
– வாசகி, திருச்சி

கிலோ விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கலோரிக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். (இங்கே கலோரி என்பது கிலோ கலோரி.)

பின்பக்கத்தில் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவை இருக்கும். சில பைகளில் சாம்பல் (தீனியை எரித்தால் மிஞ்சும் தாது உப்புகள்) அளவும் இருக்கும். இல்லையென்றால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. அதைப் பெரும்பாலும் எந்தப் பையிலும் அச்சிட மாட்டார்கள்.

முதல் பையில் புரதம் 24, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12, சாம்பல் 8 என்றால் மொத்தம் 59, மாவுச்சத்து 41. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள்: 84 + 143.5 + 85 = 312.5. நூறு கிராமுக்கு அவ்வளவு கலோரி. இரண்டாவதில் புரதம் 28, கொழுப்பு 16, நார் 3, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவுச்சத்து 35, கலோரி 356.5.

இனி உங்கள் நாயின் தேவை. எடையை மும்முறை பெருக்குங்கள்: 25 × 25 × 25 = 15,625. செல்போன் கால்குலேட்டரில் வர்க்கமூலம் குறியை இரண்டு முறை தட்டினால் 11.18 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 783. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு வேண்டியது இது. குடும்பக் கட்டுப்பாடு செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க, சுமார் 1,250 கலோரி. முதல் தீனியில் அதற்கு 400 கிராம், 104 ரூபாய். இரண்டாவதில் 350 கிராம், 116 ரூபாய். கிலோவுக்கு 70 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் நாளைக்கு 12 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. போடுவது குறைவதால் பெரும்பாலும் அள்ள வேண்டிய மலமும் குறையும். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் அளந்து போடும் பழக்கம் இருந்தால் மட்டும். கையால் அள்ளிப் போடும் வீட்டில் கொழுப்பு கூடிய தீனி லேப்பைப் பீப்பாயாக்கிவிடும்.

கணக்கு தோராயமானதுதான். பையில் புரதமும் கொழுப்பும் ‘குறைந்தபட்சம்’ என்றும், நாரும் ஈரமும் ‘அதிகபட்சம்’ என்றும் அச்சாகின்றன. ஃபிளாட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்கு 1.6-க்குப் பதில் 1.3 கூடப் போதுமானதாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். அழுத்தாமல் தடவினாலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

டின் உணவோடு ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஈரம் 78%, புரதம் 8% என்றிருக்கும் டின்னில் ஈரம் போக மிஞ்சுவது 22; அதில் 8 என்றால் உலர் எடைக்குப் புரதம் 36%. ஈரம் 10%, புரதம் 24% உள்ள உலர் தீனியில் அது 27% மட்டுமே.

புரதத்தின் அளவு வேறு, தரம் வேறு. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்வதுதான் ‘கச்சாப் புரதம்’. 2007-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமை குளூட்டனில் (கோதுமைப் புரதத்தில்) பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆய்வகக் கணக்கில் அது புரதமாகத் தெரிந்தது. அந்தத் தீனியைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன.

பையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லை. போலிச் சரக்கா?
– வாசகர், வேலூர்

அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அந்த எண்ணுக்கு அடிப்படையான 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்று வரையறுப்பதில் விலங்குத் தீவனம் சேராது. நாய், பூனைத் தீனிக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) வகுத்த ஐ.எஸ். 11968 என்ற தரநிலை தனியாக இருக்கிறது. பையில் தேட வேண்டியது, ‘முழுமையான, சமச்சீரான’ உணவு என்ற வாசகமும் எந்த வயதுக்கு என்பதும். பல பைகள் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோவின் அளவுகளைச் சொல்கின்றன. உலர் எடையில் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18%, கொழுப்பு 5.5%, குட்டிக்கு 22.5%, 8.5%. ஆஃப்கோ அளவு வகுக்கிறதே தவிர, எந்தத் தீனியையும் சோதித்துச் சான்று கொடுப்பதில்லை. ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு பை பீற்றிக்கொண்டால் அந்த நிறுவனத்தின் மற்ற வாசகங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

தண்ணீரில் போட்டால் மிதக்கும் தீனி மட்டம், மூழ்குவது உயர்ந்தது என்று ஒரு வீடியோ சொல்கிறதே?
– வாசகர், சேலம்

காற்று அதிகம் புகுந்து பொரிந்தது மிதக்கும், இறுகியது மூழ்கும். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று மாத ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு நல்ல பப்பி ஃபுட் போடுகிறோம். காது நிமிரவும் எலும்பு உறுதிப்படவும் கால்சியம் சிரப் கொடுக்கச் சொல்லி பெட் ஷாப்பில் தந்தார்கள். எத்தனை மில்லி?
– வாசகி, மதுரை

வேண்டாம். இந்த வயதுக் குட்டியின் குடல், தேவைக்கு மேல் வந்த கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது; வந்ததில் பெரும்பகுதியை உடம்புக்குள் விட்டுவிடும். பெரிய இனக் குட்டிகளில் அதனால் எலும்பும் குருத்தெலும்பும் தவறாக வளர்ந்து, முன்னங்கால் வளைந்து, மூட்டு வலியோடு நொண்டும். உலர் எடையில் கால்சியம் 1.2% முதல் 1.8% வரை இருந்தால் போதும். கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குள் இருக்க வேண்டும். ‘லார்ஜ் பிரீட் பப்பி’ என்று தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான். பையில் கால்சியம் அளவு இல்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் தராத நிறுவனத்தின் தீனியை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது.

எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டியின் நிலைமை நேர்மாறு. அதற்குக் கால்சியம் நிச்சயம் போதாது. அளவைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

தானியம் இல்லாத ‘கிரெயின் ஃப்ரீ’ தீனி உயர்ந்ததா? இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்.
– வாசகர், சென்னை

தானியத்தை எடுத்த இடத்தில் பட்டாணி, பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு வந்து உட்காருகிறது. மாவுச்சத்து அதிகம் குறைவதில்லை. ஓநாயை விட நாய்க்கு மாவைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுப் பிரதிகள் அதிகம் என்பது 2013-ல் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்டது. நன்றாக வெந்த அரிசி நாய்க்கு எதிரி இல்லை.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது: இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய், இத்தகைய தீனி தின்னும் நாய்களில், அது வழக்கமாக வராத இனங்களிலும் வருவதாகப் புகார்கள். 2019-ல் பிரித்துப் பார்த்தபோது, புகாருக்குள்ளான தீனிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கிரெயின் ஃப்ரீ. 93 சதவீதத்தில் பட்டாணியோ பருப்போ இருந்தது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. புதிய அறிவியல் தகவல் கிடைக்கும் வரை அடுத்த அறிக்கை இல்லை என்று 2022 டிசம்பரில் எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தையும் இரண்டு மடங்கு விலையையும் சேர்த்து வாங்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. அரிப்புக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. நான்கில் ஒன்றுதான் தானியம்.

எங்கள் கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் விற்கிறார்கள். கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

உலர் தீனியில் கொழுப்பைக் கடைசியில்தான் மேல்பூச்சாகத் தெளிக்கிறார்கள். மூட்டையைப் பிரித்ததும் காற்று பட்டு அது காறத் தொடங்கும். ஈரக்காற்று வீசும் ஊரில் இன்னும் வேகமாக. லூஸில் வாங்கும்போது எந்தத் தேதியில் தயாரித்தது, எந்த பேட்ச், பிரித்து எத்தனை நாள் என்று எதுவுமே தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

காறலை விடப் பெரிய பயம் பூஞ்சணம். மக்காச்சோளத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு, தீனி வேகும் சூட்டில் முழுதாக அழியாது. கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாது. அமெரிக்காவில் அனுமதித்த அளவு நூறு கோடிக்கு 20 பங்கு மட்டுமே. 2020 டிசம்பரில் அங்கே ஒரு நிறுவனத்தின் உலர் தீனி திரும்பப் பெறப்பட்டது. 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார் பதிவானது. சாப்பிட மறுப்பது, வாந்தி, சோர்வு, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளிப்பது ஆகியவை ஈரல் கெடுவதன் அடையாளம். உடனே தீனியை நிறுத்தி மருத்துவரிடம் ஓடுங்கள். பையைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் தேவைப்படும்.

ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில் பை வாங்குங்கள். கொட்டி வைக்காமல், பையோடு சேர்த்தே மூடி இறுகிய டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவில் நேரடியாகக் கொட்டினால் அடியில் ஒட்டும் பழைய எண்ணெய் புதுத் தீனியையும் காறவைக்கும். வெயில் படும் பால்கனி ஆகாது. பழைய சமையல் எண்ணெய் வாடை வந்தாலோ, கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, ஆசையாகத் தின்ற நாய் திடீரென்று முகர்ந்துவிட்டு நகர்ந்தாலோ குப்பையில் போடுங்கள்.

டாக் ஃபுட்டோடு தயிர்சாதம் பிசைந்து போடுகிறோம். சத்து குறையுமா?
– வாசகி, தஞ்சாவூர்

அளவைப் பொறுத்தது. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை தீனிக்கு வெளியிலிருந்து வரலாம். நாளைக்கு 1,250 கலோரி தேவைப்படும் நாய்க்கு அது 125 கலோரி. வெந்த சோறாகப் பார்த்தால் அது நூறு கிராமை விடக் கொஞ்சம் குறைவுதான். தட்டில் பாதி சோறு என்றால் புரதமும் கால்சியமும் துத்தநாகமும் வெகுவாகக் குறையும். முழுமையான உணவு என்று பையில் அச்சிட்டது அந்தத் தட்டுக்குப் பொருந்தாது. வெங்காயம் போட்டுத் தாளித்த சாதம் மட்டும் துளியும் கூடாது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும்.

புதுத் தீனிக்கு மாற்றினால் கழிகிறது. தரம் சரியில்லையா?
– வாசகர், தேனி

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, பிறகு இரண்டு நாள் முக்கால் பங்கு, ஏழாம் நாள் முழுக்க. வயிறு இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ஒரு மாதம் ஆகியும் மலம் கட்டாமல், அளவிலும் அதிகமாகப் போனால் அந்தத் தீனி உங்கள் நாய்க்குச் செரிக்கவில்லை என்று மாற்றலாம். ரத்தமோ சளியோ கலந்து போனால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.