நகரச் சூடும் மின்கட்டணமும்: கேள்வி பதில்

கேள்வி: வெயில் இறங்கிய பிறகும் நகரத்தில் புழுக்கம் தணிவதில்லையே, ஏன்?

பதில்: கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வெயிலை உள்வாங்கி, பொழுது சாய்ந்தபின் மெதுவாக வெளியே விடுகின்றன. வயல்வெளியில் அந்த வெப்பம் நேரே வானத்துக்குப் போய்விடும். உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெருவில் தெரிகிற வானமே ஒரு கீற்றுதான். ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. லண்டன் நகரம் சுற்றுப்புறத்தைவிட இரவில்தான் கூடுதலாக வெப்பமாக இருக்கிறது என்று ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் அளந்து சொல்லி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இன்றும் பகல் வெப்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இரவில் உடல் ஆறாவிட்டால் முதியவர்களின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஏசி தெருவைச் சூடாக்குகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஏறக்குறைய 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதற்காக அது இழுக்கும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகிறது. ஆக, வெளியே கொட்டுவது 7 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. குறுகிய சந்தில் பல ஏசிகள் இப்படி ஊதினால், ஒவ்வொன்றும் சூடான காற்றோடு போராடி இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும்.

கேள்வி: மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் பயன் உண்டா?

பதில்: மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு நல்ல பயன் உண்டு. கீழ்த்தளங்களுக்கு அவ்வளவாக இல்லை. தூசி படிந்தால் பூச்சின் திறன் குறையும், கழுவ வேண்டும்.

கேள்வி: மேற்குப் பார்த்த அறை மாலையில் அனலாகிறது. சன்ஷேட் இருந்தும் பயனில்லை.

பதில்: மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தட்டி, வெளித்திரை அல்லது செங்குத்துப் பலகைகள் அமையுங்கள். உள்ளே திரை போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கும். முழுக்கக் கண்ணாடி போர்த்திய கட்டடங்களின் சிக்கலும் இதுவே. வெயில் மிகுந்த ஊர்களில் அவற்றைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: மரத்துக்குப் பதிலாகப் புல்வெளி போதாதா?

பதில்: போதாது. புல் நிழல் தராது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். நாளுக்கு 100 லிட்டரை ஆவியாக்கும் பெரிய மரம் 67 யூனிட் அளவு வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாலை விரிவாக்கத்தில் அதை வெட்டிவிட்டுக் கன்று நடுவது உடனடி ஈடாகாது.

கேள்வி: அப்படியானால் அடுக்குமாடிகளே கூடாதா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். நெருக்கமான நகரத்தில் பயண எரிபொருள் மிச்சமாகும். பொதுச்சுவர் உள்ள வீடுகளில் வெயில் படும் பரப்பும் குறைவு. காற்றின் வழியை அடைப்பதுதான் தவறு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரவில் மலைச்சரிவிலிருந்து குளிர்காற்று இறங்கும் தடங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மனையைப் பிரிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் தடத்தைத் திறப்பது மிகக் கடினம்.