போர்ச் இடுக்குல கோரை

கேள்வி: அக்கா, நாங்க கோலாலம்பூர், செத்தாப்பாக்ல டெரஸ் வீட்ல இருக்கோம். கார் போர்ச்ல இன்டர்லாக்கிங் கல்லு போட்டு ஆறு வருஷமாச்சு, இப்ப இடுக்கு பூரா புல்லு. பிடுங்கினா பத்தே நாள்ல திரும்ப நிக்குது. வீட்டுக்காரர் வாட்டர் ஜெட் வாங்கிட்டு வந்து அடிச்சாரு, அதுக்கப்புறம்தான் இன்னும் ஜாஸ்தி. தீபாவளிக்குள்ள ஏதாச்சும் வழி இருக்கா?
— செத்தாப்பாக் வாசகி

பதில்: வாட்டர் ஜெட்னு படிச்சதுமே சிரிச்சுட்டேன்மா, கோவிச்சுக்காதீங்க, எங்க வீட்லயும் இதே கதைதான். ஜெட் அடிச்சா புல்லு மட்டுமா போகும், இடுக்குல இருந்த மணலும் சேர்ந்து லோங்காங்குக்கு, அதான் சாக்கடைக்குப் போயிடும். அப்புறம் அந்தக் காலி இடுக்குல தூசி, காஞ்ச இலை, டயர்ல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணு எல்லாம் வந்து உக்காரும், அதுமேல சாயங்கால மழை. அதைவிட நல்ல தொட்டி விதைக்கு எங்க கிடைக்கும்? நிறைய பேரு புல்லு கல்லுக்கு அடியிலேர்ந்து முளைச்சு வருதுன்னு நினைக்கிறாங்க. பெரும்பாலும் விதை மேலேர்ந்து விழுறதுதான், காத்துல வரும், குருவி போடும், தாமான்ல, அதான் குடியிருப்புல, ரோட்டோரம் மெஷின் போட்டு புல்லு வெட்டுறாங்களே, அப்ப தெறிச்சு வரும். அதனால புல்லைக் கொல்றது பாதி வேலைதான், இடுக்கை அடைக்கிறது மீதி.

மொதல்ல ஒரு நாள் காலையில காப்பியோட போர்ச்ல குந்திக்கிட்டு என்ன புல்லுன்னு பாருங்க. ஒரு தண்டை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டணும். உருளாம மூணு பட்டையா முனை தட்டுச்சுன்னா அது கோரை. மேல செம்பழுப்பா பூ நிக்கும். இதைத்தான் நீங்க பிடுங்கிப் பிடுங்கி பத்து நாள்ல திரும்பப் பாக்குறீங்கன்னு நினைக்கிறேன். ஏன்னா இழுத்தா இலைதான் கையோட வரும், கிழங்கு அடியிலயே இருந்துக்கும். கறுப்பா, ஆட்டுப் புழுக்கை சைஸ்ல, நூல் மாதிரி வேரால ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும், முகர்ந்து பாத்தா வாசனையா இருக்கும். ஆமா, நலங்கு மாவுல போடுற அதே கோரைக்கிழங்குதான், காசு கொடுத்து வாங்குறப்ப மட்டும் அருமையா தெரியும்!

தரையோட தரையா விசிறி மாதிரி படர்ந்து, அடித்தண்டு வெள்ளையா தட்டையா இருந்தா அது மலாய்க்காரங்க சம்பாவ்னு சொல்ற புல்லு. கதிரைப் பாத்தா கேழ்வரகு ஞாபகம் வரும், கேழ்வரகுக்குப் பங்காளிதான். கிழங்கு கிடையாது, ஆனா வேர் தரையை விட்டு வராது, காஞ்ச தரையில இழுத்தா உங்க இடுப்புதான் போகும், மழை பெஞ்ச மறுநாள் பழைய ஸ்க்ரூடிரைவரைக் குத்தி நெம்பிப் பிடுங்குங்க. மத்தபடி அம்மான் பச்சரிசி, புளியாரை மாதிரி சின்னதெல்லாம் இருக்கும், அதுக்குப் பயப்படத் தேவையில்ல.

சின்னதுக்குக் கொதிக்கிற தண்ணி போதும். கெட்டில்ல காய வச்சு, கொதி அடங்குறதுக்குள்ள இடுக்குல பதமா ஊத்துங்க, மறுநாளே சுருண்டு கிடக்கும். தயவுசெஞ்சு ஷூ போட்டுக்குங்க, நான் சிலிப்பரோட நின்னு ஊத்தி ரெண்டு வாரம் நொண்டினேன். முத்தின சம்பாவுக்கு இது மூணு நாலு தடவை வேணும். கோரைக்கு மேல் இலைதான் வெந்து போகும், கிழங்கு அசையாது. புளிக்காடி, அதான் வினிகர், அதுவும் அப்படித்தான், கடையில விக்கிறது அஞ்சு சதவீத அமிலம் மாதிரி, வெயில்ல இலையைக் கருக்கும், வேரை ஒண்ணும் பண்ணாது.

மருந்து அடிக்கணும்னா ஹார்ட்வேர் கடையில கிளைபோசேட் கேளுங்க. இது பச்சை இலை வழியா உள்ள போயி வேருக்கு இறங்குற மருந்து, அதனால பிடுங்கிட்டு அடிச்சா வீண், புல்லு நல்லா தழைச்சிருக்கப்ப அடிச்சுட்டு ஒரு வாரம் பத்து நாள் தொடாம விடணும். கோலாலம்பூர்ல சாயங்காலம் ஆனா மழை, அதனால பனி காஞ்சதும் காலையில ஒன்பது மணிக்கெல்லாம் அடிச்சிடுங்க. ஒரு விஷயம், சம்பாவ் புல்லு இந்த மருந்துக்கு மசியாம போனது மொதல்ல 1997ல நம்ம மலேசியாவுலதான் பதிவாச்சு. அதனால அடிச்சும் சாகலைன்னா டோஸைக் கூட்டாதீங்க, கையால நெம்புங்க. மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தா வாங்கவே வாங்காதீங்க, லேபிள்ல எல்ஆர்எம்பி, அதான் நம்ம நாட்டுப் பூச்சிமருந்து வாரியம், அதோட பதிவு நம்பர் இருக்கணும்.

எங்கம்மா எஸ்டேட்ல முதுகுல பம்பு கட்டி மருந்து அடிச்சவங்க. கையுறை கிடையாது, சட்டை மேல ஒரு பழைய கைலியைச் சுத்திக்கிட்டுப் போவாங்க, நகமெல்லாம் வெளுத்துப்போய் இருக்கும். அந்த மருந்துல முக்கால்வாசி பாராக்குவாட். 2020 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல அதுக்கு முழுத் தடை. பழைய ஸ்டோர்ல யாராச்சும் பாட்டில் வச்சிருந்து "இது நல்லா கேக்கும் லா"ன்னு கொடுத்தா கையால தொடாதீங்க, ஒரு வாய் உள்ள போனாலே ஆளைக் கொல்லும்.

கோரை ஒரு மூலையில மட்டும்னா மருந்தைவிட நல்ல வழி, அந்த நாலஞ்சு கல்லைப் பெயர்த்து எடுத்து மணலைக் கிளறி கிழங்கைப் பொறுக்கிடுறது. நான் ஒரு ஞாயித்துக்கிழமை அப்படித்தான் செஞ்சேன், ஒன்பது கல்லுக்கு அடியில ஒரு மில்க்மெய்ட் டின் நிறைய கிழங்கு! அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த மூலையில ஒண்ணும் எட்டிப் பாக்கல.

இப்ப மணலு. நல்லா சலிச்ச ஆத்து மணல், எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், ஈரமா இருந்தா மேலயே ஒட்டிக்கிட்டு இடுக்குல இறங்காது. கல்லும் காஞ்சிருக்கணும். கொட்டி, வெளக்கமாத்தால கோணல் வாக்குல தள்ளித் தள்ளி விட்டு, ஒரு பலகையை வச்சு ரப்பர் சுத்தியால லேசா தட்டினா மணலு சரசரன்னு உள்ள இறங்கும், திரும்பக் கொட்டுங்க. ரெண்டு மழைக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் கேக்கும். தண்ணி தெளிச்சா இறுகுற பாலிமெரிக் மணல்னும் ஒண்ணு இருக்கு, நல்லதுதான், ஆனா அது காயுற வரைக்கும் மழை படக்கூடாது, அக்டோபர் நவம்பர்ல நம்ம ஊர்ல அதுக்கு எங்க போறது? ஜூன் ஜூலையில பாத்துக்கலாம். தீபாவளிக்கு இந்த வருஷம் சாதா மணல்தான். வாட்டர் ஜெட்டை லோங்காங் கழுவ வச்சுக்கச் சொல்லுங்க.

கேள்வி: கல்லு உப்பை அள்ளிப் போட்டா எல்லாம் கருகிடும்னு மாமியார் சொல்றாங்க. போடலாமா?
— பட்டர்வொர்த் வாசகி, பினாங்கு

பதில்: கருகும், பொய் இல்ல. ஆனா மழையில கரைஞ்சு போறப்ப பக்கத்துல இருக்கிற கறிவேப்பிலை, செம்பருத்தியையும் கூட்டிக்கிட்டுப் போயிடும், சிமெண்டு கல்லுல வெள்ளை பூக்கும், கார் அடியில துரு வேற. மாமியார்கிட்ட "உப்பு விலை ஏறிடுச்சு அத்தை"ன்னு சொல்லிப் பாருங்க. கடற்கரை மணலை மூட்டையில அள்ளிட்டு வந்து இடுக்குல போடுறதும் இதே கணக்குதான், பினாங்குல அதைச் செய்றவங்களை நானே பாத்திருக்கேன்.

கேள்வி: சிமெண்டைக் கலந்து இடுக்கை ஒரேயடியா பூசிட்டா?
— கெப்போங் வாசகர்

பதில்: பூசலாம், ஆறு மாசம் அழகா இருக்கும். அந்தக் கல்லு கார் ஏறி இறங்குறப்ப லேசா அசையுறதுக்குன்னே போட்டது, சிமெண்டு அசையாது, அதனால வெடிக்கும், வெடிப்புல திரும்பப் புல்லு. அதைவிடக் கொடுமை, கல்லு மேல சிந்தின சிமெண்டுக் கறை போகவே போகாது.

கேள்வி: எங்க போர்ச் இடுக்குல நிறைய கீழாநெல்லி முளைச்சிருக்கு, பிடுங்கி மோர்ல அரைச்சுக் குடிக்கலாமா? அருகம்புல்லும் இருக்கு.
— பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: அண்ணே, கார் ஆயில் சொட்டுற இடம், பக்கத்து வீட்டுப் பூனை வந்து போற இடம், எப்பவோ யாரோ மருந்து அடிச்சிருப்பாங்க. வேணாம். அருகம்புல்லையும் அங்கேர்ந்து பிள்ளையாருக்குப் பறிக்க எனக்கு மனசு வராது. கீழாநெல்லிதான் வேணும்னா காய் முத்தின செடியா ரெண்டைப் பாத்து, இலைக்கு அடியில மணி மணியா தொங்குதே அதை மட்டும் உருவி, புது மண்ணு போட்ட தொட்டியில தூவுங்க, அதுல முளைக்கிறதைப் பறிச்சுக்கலாம். வாங்கின செடியைவிட வேகமா வரும், அப்புறம் அது தொட்டியிலேர்ந்து திரும்ப போர்ச்சுக்கு இறங்காம பாத்துக்க வேண்டியது உங்க பொறுப்பு.