ஐப்பசியில் ஊர்சுற்றல்

வணக்கம் அண்ணா,

நான் கிளிநொச்சி. கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம். இவருக்கு வயறிங் வேலை, எனக்கு ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை, இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் மகள் போன கிழமை படங்கள் அனுப்பினாள். அவளும் கணவரும் அல்கொன்குயின் பூங்காவில் சிவப்பு இலைகளுக்கு நடுவே நிற்கிறார்கள், தோட்டத்தில் அப்பிள் பிடுங்குகிறார்கள். பார்க்க ஆசையாகவும் இருந்தது, மனதுக்கு ஒரு மாதிரியாகவும் இருந்தது. இங்கே நாங்கள் மோட்டார் சைக்கிளில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்வந்தாலே, "மழைக்காலத்திலே என்ன ஊர்சுற்றல், பெற்றோல் விக்கிற விலைக்கு" என்கிறா மாமி. இப்போது இவரும் அம்மா சொல்வது சரிதானே என்று தொடங்கிவிட்டார். எங்களுக்கென்று அப்படி ஒரு காலம் இல்லையா அண்ணா? போக ஆசைப்படுவது பிழையா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பிழையே இல்லை. போங்கள்.

அந்தச் சிவப்பு இலை இங்கே வராது, அது உண்மை. அங்கே செப்டெம்பர் பிறந்தால் பகல் மளமளவென்று குறுகும், இரவு குளிரும், மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். பச்சை போனதும் உள்ளே மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது, மேப்பிள் மாதிரியான மரங்கள் அந்த நேரத்தில்தான் சிவப்பையும் உண்டாக்குகின்றன. ஓரிடத்தில் அது உச்சத்தில் நிற்பது சில நாட்கள்தான், அதைத் தவறவிடக்கூடாது என்று சனம் காரெடுத்து ஓடுகிறது. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே. வருடம் முழுக்கப் பார்த்தாலும் பகல் கூடிக் குறைவது ஒரு மணித்தியாலம் அளவுதான், அதனால் எங்கள் மரங்களுக்கு அந்தச் செய்தியே போய்ச்சேராது.

ஆனால் காலம் மாறுகிறது, தங்கச்சி. புரட்டாதியில் குளத்தின் அடி தெரியும், மாடுகள் உள்ளே இறங்கி மேயும். காலபோகத்துக்குப் புழுதியில் விதைத்துவிட்டு எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த அன்று பின்னேரம் ஈசல் கிளம்பும், இரவு முழுக்கத் தவளை கத்தும், பத்து நாளில் வயல் பச்சை பிடிக்கும். சிவப்பும் மஞ்சளும்தான் வேண்டும் என்றால் வேலியில் கார்த்திகைப்பூவைப் பாருங்கள், ஒரே இதழில் இரண்டு நிறமும் இருக்கிறது. அங்கே குளிர் தொடங்கும்போது வடக்கு நாடுகளின் பறவைகள் எங்கள் கடல்நீரேரிகளுக்கு இறங்கத் தொடங்கும். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது, 2015 இல் தேசியப் பூங்காவானது. மார்கழி, தை வாக்கில் ஒருநாள் விடியற்காலையில் வெளிக்கிட்டுப் போங்கள். பூநாரை நின்றால் தூரத்திலேயே தண்ணீரின் ஓரம் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

இரணைமடுவுக்கே ஒவ்வொரு ஞாயிறும் போனால்தான் என்ன? கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீர் போன கிழமை கட்டின் எந்தக் கல்லில் நின்றது, இந்தக் கிழமை எந்தக் கல்லுக்கு ஏறியிருக்கிறது என்று இரண்டு பேருமாகக் குறித்து வையுங்கள். 36 அடி வரை கொள்ளும் குளம் அது. குளம் நிரம்பி வான் பாயும் வருடத்தில் அந்த வெறுங்குளத்தில் தொடங்கி முழுவதையும் கூட நின்று பார்த்தவர்கள் நீங்கள் என்று ஆகும்.

இனி என் கதை. நாங்கள் கலியாணம் கட்டியது 1999, மல்லாவியில். இடம்பெயர்ந்து வந்த அக்கா குடும்பத்தோடு ஒரே கொட்டிலில் எட்டுப் பேர். பெற்றோல் காணக் கிடைக்காத காலம், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே மண்ணெண்ணெயில்தான் ஓடினார்கள், எங்களிடம் சைக்கிள். ஒருநாள் இவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு வவுனிக்குளம் பார்க்கப் போனேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மருத மரத்தின் கீழே ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். நாலு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகக் கதைத்தது அன்றைக்குத்தான். இவளுக்குச் சொதி பிடிக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா ஆசையோடு வைக்கிறா என்பதற்காக நாலு மாதமும் பேசாமல் சோற்றில் விட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு சொதி வைக்கிற நாட்களில் பருப்பை அவளுக்கென்று கொஞ்சம் எடுத்துவைப்பேன், அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள், வீட்டில் வேறு யாருக்கும் அது விளங்காது. பிறகு எத்தனையோ இடம் ஓடினோம், எத்தனையோ இழந்தோம். அந்த மருத மரம் மட்டும் எங்கள் கதையில் அடிக்கடி வரும்.

உங்கள் கணவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி, டவுனில் இருந்து குளக்கட்டுக்குப் போய்வர அரை லீற்றர் போதும். ஒன்றரை வருடத்தில் இந்தப் பிள்ளை உங்களிடம் கேட்பது அந்த அரை லீற்றரும் இரண்டு மணித்தியாலமும்தான். வீட்டுக்குள்ளே சம்பளம், அரிசி, கரண்ட் பில் என்றுதான் கதை வரும், அதுவும் மாமிக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து. குளக்கட்டில் போய் இருந்தால் வேறு கதை வரும்.

மாமியோடு கோபிக்க வேண்டாம். மழைக்காலம் என்றால் அவவுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கதவு திறக்கப்போகிறோம் என்று அறிவித்த நாளில் போகாதீர்கள், அதை அவவிடம் வாயால் சொல்லிவிட்டு மற்ற நாட்களில் போங்கள். அப்புறம், ஒரு ஞாயிறு அவவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முறிகண்டிக்குப் போங்களேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு சரை கச்சான் வாங்கி அவவின் கையில் கொடுத்து, அவ கலியாணம் கட்டிய புதிதில் எங்கே எங்கே போனா என்று கேளுங்கள். எனக்கென்னவோ, அவவை இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் படுகிறது.

சித்தியின் மகளுக்கும் ஒரு படம் அனுப்புங்கள். கார்த்திகைப்பூ அங்கே வேலியில் பூக்காது, அவள் அதைக் கண்டு எத்தனை வருடமோ.

இந்த ஞாயிறு மழை விட்டால் நாங்களும் கட்டுக்கு வருவோம். இப்போதும் சைக்கிள்தான், பச்சை நிறம். கண்டால் நின்று கதையுங்கள்.

அன்புடன்,
அண்ணா