தெருப்பூனையின் புழு பிள்ளைக்குத் தொற்றுமா?

கேள்வி: கொல்லையில் தெருப்பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒரு குட்டி விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்களைக் கக்கியது. என் 4 வயது மகன் அதே மண்ணில்தான் விளையாடுகிறான். பூனையை விரட்டிவிடலாமா?

பதில்: விரட்டினாலும் மண்ணில் கிடக்கும் முட்டைகள் போகாது. குட்டி கக்கியது உருளைப்புழு. தாய்ப்பால் வழியாகவே குட்டிகளுக்கு வந்துவிடும். கக்கிய புழுவைத் தொட்டதால் நோய் வராது. பூனை மலத்தில் வரும் முட்டை, மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதன்பின் வருடக்கணக்கில்கூடத் தாங்கும். ஓடு தடிப்பானது என்பதால் பிளீச்சிங் பவுடர், பினாயில் எதுவும் அதை நம்பகமாகக் கொல்லாது. சிமென்ட் தரையானால் கொதிக்கும் நீரை ஊற்றலாம். மலத்தைத் தினமும் கையுறையோடு அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். விளையாடும் இடத்தின் மேல்மண்ணை எடுத்துவிட்டுப் புதுமணல் போட்டு, இரவில் மூடி வையுங்கள். பையன் மண் தின்பவனானால் ஆபத்து கூடுதல்.

மனித உடலில் இந்தப் புழு வளர்ந்து முட்டையிடாது. லார்வாவாகவே, அதாவது இளம்புழுவாகவே, கல்லீரல், நுரையீரல், கண் என்று அலையும். அதனால் மலப் பரிசோதனையில் தெரியாது. பலரும் அதை நம்பி ஏமாறுகிறார்கள். ரத்தத்தில் ஈசினோபில் எனும் வெள்ளையணுக்களின் அளவும், இந்தப் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும்தான் துப்பு. பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. விடாத காய்ச்சல், இருமல், இளைப்பு இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பூனை விஷயத்தையும் சொல்லுங்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ புதிதாக மாறுகண் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

குட்டிகளுக்கு 3 வாரத்தில் தொடங்கி 2 வாரத்துக்கு ஒருமுறை, பால் மறக்கும்வரை பைரன்டெல் அல்லது ஃபென்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும், தாய்க்கும் சேர்த்துத்தான். எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் அளவு சொல்வார். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், உடலுக்குள் அலையும் லார்வா பிறகு குடலுக்கு வரும். ஒரே வேளையோடு நிறுத்தினால் வீண்.

ஆசனவாயருகே அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் மனிதருக்கு வரும். அதற்கான மருந்தான பிராசிகுவாண்டெல்லைப் பூனைக்குக் கொடுத்தாலும் தெள்ளு ஒழியாதவரை திரும்ப வரும். தெள்ளை ஒழிக்க நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் போட்டுவிடாதீர்கள், உயிரே போகும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மலம் அள்ளும் வேலை அவருக்கு வேண்டாம். காரணம், பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா. இது புழுவல்ல, ஒட்டுண்ணி நுண்ணுயிர். மலத்தில் வெளிவந்த 1 முதல் 5 நாளிலேயே அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.