கமுகு (பாக்கு மரம்): பாளை முதல் மட்டை வரை

கோயில் கொடைவிழாவுக்கு வாங்கும் கமுகம்பூ, சாமியாடி கைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடுகிறதே?
– வாசகர், திருநெல்வேலி

விரிந்த பூவை வாங்காதீர்கள். மூடிய பாளையாகவே வெட்டித் தரச் சொல்லுங்கள். கமுகில் அடிமட்டை கழன்று விழுந்த பிறகுதான் அதன் கக்கத்திலிருக்கும் பாளை வெளியே தெரியும். பாளை வெடித்ததும் ஆண்பூக்கள் கொட்டத் தொடங்கிவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். முந்தின நாள் மாலையில் பருத்த பாளையாகப் பார்த்துக் கயிறு கட்டி இறக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வேண்டிய நேரத்தில் மேலோட்டை மட்டும் கீறுங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் உள்ளே பூங்காம்புகள் அறுந்துபோகும். ஒரு பாளையை வெட்டினால் ஒரு குலை போச்சு. ஆண்டுக்கு ஒரு மரம் தருவதே மூன்று நான்கு குலைதான் என்பதால், தோட்டக்காரர் விலை கூட்டிச் சொன்னால் அதில் நியாயம் உண்டு.

கல்யாண வாசலில் வாழையோடு கட்டப் பழுத்த பாக்குக் குலை ஆகுமா?
– வாசகி, சேலம்

பார்க்க அழகுதான். ஆனால் பழுத்த காய் காம்பு விட்டு விருந்தாளி தலையில் விழும். முற்றிய பச்சைக் குலையே நல்லது.

தாம்பூலத் தட்டில் கொட்டைப்பாக்கா, களிப்பாக்கா? நல்ல பாக்கை எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்றும்போது முழுக் கொட்டைப்பாக்கு வைப்பதே பழைய வழக்கம். மரத்தில் பழுத்த காயை 35 முதல் 40 நாள் வெயிலில் காயவைத்து, தோல் உரித்தால் கொட்டைப்பாக்கு. களிப்பாக்கு வேறு: இளங்காயை உரித்து, நறுக்கி, வேகவைத்து உலர்த்துவது. வாங்கும்போது ஒன்றைப் பாக்குவெட்டியில் வெட்டிப் பாருங்கள். வெள்ளையும் பழுப்புமாக வரிகள் தெளிவாக இருக்க வேண்டும். உள்ளே கருத்திருந்தால் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த பாக்கு; பொடி உதிர்ந்தால் வண்டு துளைத்தது.

தட்டில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே சிரமமாகும். 'சீரணத்துக்கு நல்லது' என்பதெல்லாம் இதற்குச் சமாதானம் ஆகாது.

தோட்டத்துக் கமுகின் தண்டில் மேற்குப் பக்கம் மட்டும் வெடிப்பு. என்ன நோய்?
– வாசகர், பொள்ளாச்சி

நோயல்ல, வெயில். பிற்பகல் வெயில் தென்மேற்கிலிருந்து நேராகத் தண்டில் அடித்தால் பட்ட இடம் மஞ்சளித்து, பழுப்பேறி, பிளக்கும். பிளந்த இடம் மறுபடி சேராது; காற்றடித்தால் மரம் அந்த இடத்தில்தான் ஒடியும். இளமரங்களின் தண்டில் காய்ந்த கமுகோலையைச் சுற்றிக் கட்டுங்கள். தெற்கிலும் மேற்கிலும் சீக்கிரம் வளரும் நிழல்மரம் வையுங்கள். மரத்துக்கு மரம் 9 அடி இடைவெளி போதும்; அதைவிட அகட்டி நட்டால் ஒன்றுக்கொன்று நிழல் கிடைக்காது.

விழும் மட்டைகளை எரிக்காமல் வேறென்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

விசிறி, தொன்னை, தொப்பி எல்லாம் இதில்தான் செய்தார்கள். தொன்னைக்கு, மட்டையை நனைத்து இரு முனைகளையும் மடக்கி ஈர்க்கு குத்தினால் போதும். காய்ந்த மட்டையை நனைக்காமல் மடக்கினால் நரம்போடு கிழியும். மட்டையை அச்சில் அழுத்திச் சாப்பாட்டுத் தட்டு செய்பவர்களுக்குக் கொடுப்பதானால் விழுந்த அன்றே பொறுக்கி, மண் தட்டி, நன்றாகக் காயவைத்து அடுக்குங்கள். மழையில் கிடந்த மட்டையில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் அதை வாங்கமாட்டார்கள்.